பட்டறை வீதியில் எடை இல்லாத ஒன்பது நாள்

ஆயுத பூஜையன்று மதியம் நாலே கால் மணிக்கு, கோயம்புத்தூரில் கணபதி ஏரியாவுக்குப் பக்கத்தில் இருக்கிற பட்டறை வீதியில் எடை என்பது இல்லாமல் போனது. அதை முதலில் கண்டுகொண்டது புல்லட் என்கிற நாய்தான், அது வழக்கம்போல் கரண்டு கம்பத்தடியில் பின்னங்காலைத் தூக்கப் போய், தூக்கிய காலைத் திரும்ப இறக்க முடியாமல், மற்ற மூன்று கால்களும் அதன் பின்னாலேயே கிளம்பிவர, தன் மூத்திரம் முத்து முத்தாகத் தனக்கு முன்னால் மிதந்து போவதைப் பார்த்தபடியே கம்பத்தின் பாதி உயரத்துக்குப் போய் நின்றது. குரைக்கவில்லை. அதுவே பெரிய அதிசயம், ஏனென்றால் புல்லட் தபால்காரரையும் மேகத்தையும் பார்த்து ஒரே மாதிரி குரைக்கிற நாய்.

அடுத்து தட்டுகளில் இருந்த பொரி கிளம்பியது, அதன் பின்னால் பொட்டுக்கடலை, அதன் பின்னால் ஆரஞ்சும் கொய்யாவும், அப்புறம் வீதியில் உடைத்துப் போட்டிருந்த பூசணித் துண்டுகள் குங்குமம் பூசிய முகத்தோடு ஆளுயரத்துக்கு எழுந்து நின்றன. இந்த வருஷம் பூஜை நல்லபடியாக அமைந்துவிட்டது என்று எல்லாரும் ஒருமனதாகச் சொன்னார்கள். பட்டறை முதலாளி நஞ்சப்பன் மட்டும் கையில் சந்தனக் கிண்ணத்தோடு கூரைத் தகரத்தில் தலை இடித்துக்கொண்டு, தான் எதையோ தெரியாத்தனமாக நிறுத்திவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தார். ஒரு நிமிஷம்தான்.

மயிலாத்தாள் அப்போது எதிர்வீட்டு ருக்குமணியைத் திட்டுவதற்காக வாயில் இருந்த பொரியை அவசரமாக மென்றுகொண்டிருந்தாள். மயிலாத்தாளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. வயது நாற்பத்தெட்டு. இடது முழங்கால் ஆறு வருஷமாகத் தகராறு. நஞ்சப்பன் பட்டறையில் பிசிறு எடுக்கிற வேலை. லேத்தில் கடைந்து வரும் சாமானின் விளிம்பில் மயிரிழை மாதிரி ஒட்டி நிற்கும் இரும்புத் துணுக்கைக் கண்டுபிடித்து அரத்தால் ராவி எடுக்க வேண்டும், விட்டுவிட்டால் மிஷின் ஒரு நாள் பழிவாங்கும். பூதக்கண்ணாடிக்குத் தப்பிய பிசிறு மயிலாத்தாளின் கட்டைவிரலுக்குத் தப்பாது. வேலை முடிந்து வீடு திரும்பினால் இதே வேலையை வீதிக்குச் செய்வாள், அங்கே அரத்துக்குப் பதிலாக வாய்.

அந்த வாய் மூன்று வீதிக்குக் கேட்கும். வீதிக் கடைசியில் தண்ணித்தொட்டியும் ஆழ்குழாயும் இருக்கிற இருபது சென்ட் காலியிடம் ஒரு காலத்து மில் முதலாளி வீதிக்காரர்களுக்கு வாய்மொழியாகக் கொடுத்தது. பட்டா இல்லை, பத்திரம் இல்லை, வேலி இல்லை. மயிலாத்தாளின் வாய் இருந்தது. கந்தவடிவேல் என்கிற மனை வியாபாரி அந்த இடத்தை அளக்க டேப்போடு மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் அவள் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷத்தில் டேப்பைச் சுருட்டக்கூட நேரமில்லாமல், அது பின்னால் பாம்பு மாதிரி இழுபட, ஓடினார். இடம் போனால் தொட்டி போகும், தொட்டி போனால் வீதி முழுக்க லாரித் தண்ணிக்குக் கையேந்த வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எவரும் கவலைப்பட்டதில்லை, கவலைப்படுவதற்கென்று ஒருத்தி இருந்தாளே.

ருக்குமணியோடு நடந்த சண்டை வேறு ரகம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகைக் காலையில் தொட்டிக் குழாயடியில் ருக்குமணியின் பச்சைக் குடம் மயிலாத்தாளின் குடத்துக்கு முன்னால் நின்றிருந்தது. அது முதலிலேயே அங்கே இருந்ததா, நகர்த்தி வைக்கப்பட்டதா என்பது அன்றிலிருந்து தினமும் காலை ஆறரை மணிக்குப் புதிதாக விசாரிக்கப்பட்டு வந்தது. மற்ற பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டே பல் விளக்கினார்கள்.

இனி, பட்டறை மூலையில் இருந்த ஒரு பெட்டியைப் பற்றி. ஒரு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டாக்டர் மெஹருன்னிசா என்று ஒருவர் ஆறு மாதம் முன்பு நஞ்சப்பனிடம் வரைபடத்தோடு வந்திருந்தார், வாணியம்பாடிக்காரர், மெல்லிசான குரல். இட்லிக் குண்டான் அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே எப்போதும் உடம்புச் சூடு. பேனா மூடி பருமனில் இரண்டு வரிசைக் குழாய்கள், ஒரு வரிசை சும்மா நிற்கும், இன்னொரு வரிசை தோசைத் தட்டு அளவு சக்கரத்தில் ஏறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். இது விண்வெளி நிலையத்துக்குப் போகிறது என்றதும் நஞ்சப்பன் எழுந்து நின்று கும்பிட்டார். மயிலாத்தாள் கும்பிடவில்லை. எதுக்கென்று தெரியாமல் தான் எந்தச் சாமானுக்கும் பிசிறு எடுத்ததில்லை என்று சொல்லி அரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா சலிக்காமல் அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் என்று இருக்கின்றன, அவை ராப்பகலாக உடம்புக்குள் சுற்றிவரும், தெரியாத ஆள் எவனாவது உள்ளே நுழைந்தால் அடையாளம் கண்டு, கத்தி, ஊரைக் கூட்டி, விரட்டும். ஆனால் எடையே இல்லாத விண்வெளியில் இவற்றுக்கு ஒரு மந்தம் வந்துவிடுகிறது, நோய்க்கிருமி பக்கத்தில் உரசிக்கொண்டு போனாலும் போகட்டும் என்று விட்டுவிடுகின்றன. ஏன் என்று இன்னும் முழுசாகத் தெரியவில்லை. அதனால் ஒரு வரிசையை மிதக்கவிட்டு, இன்னொரு வரிசையைச் சக்கரத்தில் சுற்றிப் பார்க்கப்போகிறோம், சுற்றினால் அவற்றுக்கு எடை இருப்பது போலவே ஆகிவிடும்.

மயிலாத்தாள் முன்னால் கிடந்த சாமானின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினாள். “அப்ப சண்டைக்காரிக இல்லாட்டி ஒடம்பு பொழைக்காதுன்னு சொல்றீங்க.”

“அப்படியும் சொல்லலாம்க்கா.”

“எழுதிக் குடுங்க, எங்க வீதில காட்டோணும்” என்றாள் மயிலாத்தாள், அரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு. அந்தப் பெட்டிக்கு எடுத்த மாதிரி பிசிறு அவள் அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை.

பெட்டி தயாரானதும் சக்கரம் இருபத்தோரு நாள் நிற்காமல் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. சுவிட்சுக்கு மேலே நிறுத்தக்கூடாது என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டிவிட்டு, அந்த இருபத்தோரு நாள் முடிவதற்குள் வந்துவிடுகிறேன் என்று டாக்டரம்மா விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார். ஒன்பதாவது நாள் ஆயுத பூஜை வந்தது. அன்று பட்டறையில் எந்த மிஷினும் ஓடக்கூடாது; லேத்துக்கும் ட்ரில்லிங்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டு, ஸ்பேனர் சுத்தியல் வரைக்கும் ஓய்வு கொடுத்துவிட்டுத் திரும்பிய நஞ்சப்பனுக்கு மூலையில் அது ஒன்று மட்டும் உர்ரென்று உழைத்துக்கொண்டிருப்பதைக் காண மனசு பொறுக்கவில்லை. வருஷத்தில் ஒரு நாள் லீவு இல்லாமல் சாக அது என்ன பாவம் செய்தது என்று சொல்லி, சிவப்பு எழுத்தின் மேலேயே மூன்று விரலால் சந்தனத்தை இழுத்துவிட்டு, சுவிட்சைத் தட்டினார். சக்கரம் மெதுவாகி நின்றது. அப்போது மணி நாலே கால்.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் தொடலாம், ஆனால் மறுநாள் நஞ்சப்பன் மின்விசிறிக்குப் பக்கத்தில் மல்லாக்கப் படுத்து மிதந்துகொண்டு, இருபது வருஷ முதுகுவலி போன இடம் தெரியாமல் போயிருந்ததால், பெட்டியைப் பார்த்து இன்னொரு நாள் ஓய்வெடுத்துக்கொள்ளட்டுமே என்று நினைத்தார். அதற்கு மறுநாளும் அப்படியே நினைத்தார்.

வீதிக்காரர்கள் இரண்டே நாளில் பழகிக்கொண்டார்கள், புதுச் சம்பந்தி வீட்டில் பழகுவதற்குக்கூட அவர்களுக்கு அதைவிட அதிக நாள் பிடித்திருக்கிறது. வீதி முனை வேகத்தடையிலிருந்து தண்ணித்தொட்டி வரை கம்பத்துக்குக் கம்பம் தேங்காய்நார்க் கயிறு கட்டி அதைப் பிடித்தபடி போய்வந்தார்கள். ஆண்கள் லுங்கியைக் கணுக்காலில் சைக்கிள் டியூப் வெட்டி இறுக்கிக்கொண்டார்கள், முதல் நாள் இறுக்காமல் போன இரண்டு பேரைப் பற்றி வீதிப் பெண்கள் இன்றைக்கும் பேசுவதில்லை, பார்த்தால் சிரிப்பதோடு சரி. குழாயில் வந்த தண்ணி உருண்டை உருண்டையாகக் கிளம்ப, தலையணை உறையைத் திருப்பிப் பிடித்து அடைத்துக்கொண்டு போனார்கள். தோசை கல்லில் உட்கார மறுத்தது. ஆனால் இட்லி எல்லாப் பக்கமும் உப்பி எலுமிச்சம்பழம் போல வந்ததால், இப்படி இட்லி ஈரோட்டில் உண்டா, சேலத்தில் உண்டா என்று பெருமை பேசினார்கள்.

சூலூரிலிருந்தும் அன்னூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் சொந்தபந்த ஒறம்பரைகள் தங்கள் வலிக்கிற முழங்கால்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள், அல்லது ஏறினார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் தராசின் மேல் துணியைப் போர்த்திவிட்டு, தொழிலுக்கு வந்து முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பகலில் தூங்கினார். முக்குப் பிள்ளையார் கோயிலில் கற்பூரம் ஏற்றினால் சுடர் மேலே எழும்பாமல் நீல உருண்டையாக நின்றது, பிள்ளையாரே ஒரு சாண் எழும்பி உட்கார்ந்து, பார்க்க ரொம்ப நிம்மதியாக இருக்கிறார் என்று குருக்கள் சொன்னார். கவுன்சிலர் இது தன் இடைவிடாத முயற்சியால் வந்தது என்று பேனர் அடித்தார், அது தொங்காமல் நெட்டுக்குத்தாக நின்றது. மாநகராட்சியிலிருந்து வந்த அதிகாரி, வீதியில் தண்ணீர் தேங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்து இரண்டு சுற்று மிதந்துவிட்டுப் போனார்.

எல்லாம் சரிதான். ஆனால் புல்லட் குரைப்பதை நிறுத்தியது நிறுத்தியதுதான், அந்நிய ஆளைக் கண்டால் வாலை ஆட்டியது, வாலாட்டின வேகத்தில் உடம்பு எதிர்ப்பக்கம் சுழன்றது. பட்டறைக் காவலாளி, செம்புக் கம்பிச் சுருளை அள்ளிக்கொண்டு போனவனுக்குச் சல்யூட் வைத்து வழிகாட்டினார். ஆட்டோ ஸ்டாண்டில் கிரிக்கெட் வாக்குவாதம் செத்தது. வீதி முழுக்க ஜலதோஷம் பிடித்து, யாருக்கும் விடவில்லை, யாரும் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. மூக்கு ஒழுகினால் ஒழுகட்டும் என்று ஒரு பெரிய சாந்தம் எல்லார் முகத்திலும் வெண்ணெய் தடவினது போல மினுங்கியது. எடை போனபோது கோபமும் கூடவே போய்விட்டிருந்தது. கோபம் அடிவயிற்றில் படிந்து கொதிக்க வேண்டிய சாமான், அடி என்று ஒன்று இல்லாவிட்டால் அது எங்கே படியும்?

அந்தச் சாந்தத்தில் மூன்றாம் நாள் ருக்குமணியின் பச்சைக் குடம் மிதந்து மயிலாத்தாளின் வாசலுக்குள் வந்தது. பின்னாலேயே ருக்குமணி வந்தாள். இருவர் கூந்தலும் அவிழ்ந்து நாலாபக்கமும் விரிந்து நின்றதில் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டது, பிரிக்க உட்கார்ந்தார்கள், பிரித்த கையோடு ஒருவருக்கொருவர் எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததையெல்லாம் ருக்குமணி அன்றைக்குக் கேட்டாள்: புருஷன் போனபோது எப்படித் தாங்கினாள், முழங்காலுக்கு எந்த ஆஸ்பத்திரியில் காட்டினாள், தீபாவளிக்குத் தனியாகவா பலகாரம் சுடுகிறாள். மயிலாத்தாளுக்குச் சொல்லச் சொல்ல மனசு நிறைந்தது. எதிர்வீட்டிலேயே ஒரு சிநேகிதியை வைத்துக்கொண்டு இத்தனை காலம் வீணடித்திருக்கிறோமே என்று வருத்தமாகவும் இருந்தது.

ஐந்தாம் நாள் கந்தவடிவேல் வந்தார். அவர் வீடு வேகத்தடைக்கு அந்தப் பக்கம், மூன்று கிலோமீட்டர் தள்ளி. அங்கே எடைக்கு ஒரு குறையும் இல்லாததால் அவருடைய ஆசை கிராம் குறையாமல் அப்படியே இருந்தது. எடை இல்லாத வீதியில் வேலி போடுவதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் கிடையாது. கூட வந்த நாலு ஆட்களில் ஒவ்வொருவனும் அக்குளுக்கு ஆறு சிமெண்டுக் கல்தூணை இடுக்கிக்கொண்டு, பூக்கட்டு கொண்டுவருகிறவன் மாதிரி வந்தான். வீதிக்காரர்கள் அவர்களுக்கு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார்கள். நஞ்சப்பன் பிளாஸ்டிக் பையில் டீ அடைத்துக் கொடுத்தனுப்பினார்.

மயிலாத்தாள் சண்டை போடத்தான் போனாள். பழக்க தோஷம், கால் தானாகப் போனது, கையும் இடுப்பில் ஏறியது, மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து, வாங்க, சாப்பிட்டீங்களா என்று வந்தது. அதைத் தன் காதாலேயே கேட்டாள். அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. மூன்று தடவை ஓடின அனுபவத்தில் ஒரு காலைப் பின்னால் வைத்துத் தயாராக நின்றிருந்த கந்தவடிவேல், சாப்பிட்டேனுங்க என்று பணிவாகச் சொல்லிவிட்டு, அடுத்த கல்லை நடச் சொன்னார். எட்டாம் நாள் சாயங்காலம் வேலி முடிந்து, தொட்டிக்கு இரும்புக் கேட் போட்டு, மறுநாளிலிருந்து இங்கே தண்ணி கிடையாது, வேண்டுகிறவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று அட்டை எழுதி மாட்டினார். வீதிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்கள்.

இந்த ஒன்பது நாளும் அந்த வீதியில் ஒரே ஒரு ஆள்தான் கடுகடுவென்று இருந்தார், அவர் ராட்டினக்காரர் மாசிலாமணி. பூஜை லீவுக்குப் பிள்ளைகள் சுற்றும் என்று நம்பி, தொட்டி மைதானத்துக்கு எதிரே, இரும்பு நாற்காலிகள் தொங்கும் கை ராட்டினத்தை முளை அடித்து நட்டு வைத்திருந்தார். சும்மாவே மிதக்கிற பிள்ளைகளுக்கு ராட்டினம் எதற்கு? இரவு அவர் படுக்கை வேகத்தடைக்கு அப்பால் நிற்கும் தன் வேனில் என்பதால், விடிய விடிய அவர் உடம்பில் எடை ஊறும், காலையில் அதே கடுப்போடு வருவார், சாயங்காலம் அது கரைவதற்குள் திரும்பிப் போய்விடுவார். ஒன்பதாம் நாள் காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த மயிலாத்தாளை நிறுத்தி, போணியே ஆகாமல் ஊர் திரும்பினால் ஜென்மத்துக்கும் விளங்காது, ஒரே ஒரு சுற்றுக்கு உட்காருங்கள் அம்மணி என்று கெஞ்சினார். அவளுக்கு யாருக்கும் இல்லை என்று சொல்கிற வழக்கம் விட்டுப்போய் எட்டு நாள் ஆகியிருந்தது. முழுத்த சாந்தத்தோடு ஏறி, முதுகு வெளிப்பக்கம் இருக்கும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, சங்கிலியைக் குறுக்கே மாட்டிக்கொண்டாள்.

மாசிலாமணி நடுக்கம்பத்து முளையில் கால்களைச் செருகிக்கொண்டு தள்ளினார். முதல் சுற்றில் முதுகு நாற்காலியில் லேசாக ஒட்டியது, கம்பி வேலி ஒன்று கண்ணில் பட்டு மறைந்தது. இரண்டாம் சுற்றில் ஒரு பெரிய கை வந்து அழுத்துகிறது போல உடம்பு பின்னால் அமுங்கியது, வேலி மறுபடி வந்தது, இது எப்போது முளைத்தது என்று தோன்றியது. மூன்றாம் சுற்றில் இடது முழங்கால் சுள்ளென்றது. ஒன்பது நாளாக மறந்திருந்த வலியை, அட நீயா என்று வரவேற்றாள். நாலாம் சுற்றில் அட்டையைப் பாதி படித்தாள், ஐந்தாம் சுற்றில் மீதியைப் படித்தாள், ஆறாம் சுற்றில் அட்டைக்குப் பக்கத்தில் கந்தவடிவேல் நின்று சாவிக்கொத்தைக் காற்றில் மிதக்கவிட்டுப் பிடித்து விளையாடுவது தெரிந்தது, அப்போது அவளுடைய அடிவயிற்றில் எதுவோ வந்து படிந்து, சட்டென்று கொதித்தது.

டாக்டரம்மா சொன்னதெல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது. மிதக்கிற வரிசை, சுற்றுகிற வரிசை. தான் இப்போது சுற்றுகிற வரிசையில் இருக்கிறோம் என்று புரிந்ததும், “நிறுத்தாத, வேகமாத் தள்ளு” என்று மாசிலாமணிக்கு உத்தரவு போட்டுவிட்டு மயிலாத்தாள் வாயைத் திறந்தாள்.

என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது, இந்தக் கதையைப் பெண்டு பிள்ளைகளும் படிக்கக்கூடும். எடை உள்ள வாயிலிருந்து வந்த சொல் எடையோடு வந்தது என்பதை மட்டும் சொல்லலாம். முதல் சொல் கந்தவடிவேலின் தோளில் பட்டு அவரை ஒரு முழம் நகர்த்தியது. ராட்டினம் சுற்றி வந்தது, இரண்டாவது சொல் வயிற்றில் பட்டு அவரைக் குப்புறப் புரட்டியது. அவர் கேட்டின் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டார், ஒரு சொல்லில் ஒரு விரல் வீதம் விடுபட்டாலும் விடாப்பிடியாகத் தொங்கினார். ஒருத்தி போதாது என்று மயிலாத்தாளுக்குத் தெரிந்தது. வெள்ளை அணு கத்தி ஊரைக் கூட்டும் என்றல்லவா டாக்டரம்மா சொன்னார்.

கயிற்றோரம் புன்னகையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ருக்குமணியை அவள் சிநேகிதி என்கிற முறையில் கூப்பிட்டாள், ருக்குமணியும் சிநேகிதி கூப்பிட்டால் வராமல் இருப்பாளா என்று வந்து அடுத்த நாற்காலியில் ஏறினாள். இரண்டு சுற்று அமைதியாக இருந்தாள். மூன்றாம் சுற்றில், பச்சைக் குடம் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது, எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன் என்றாள். மயிலாத்தாள் பதில் சொன்னாள். இரண்டு பேரும் ஒரு முழுச் சுற்றுக்கு ஒருவரையொருவர் வெளுத்து வாங்கிவிட்டு, தொண்டை பதமானதும், ஒரே நேரத்தில் கந்தவடிவேல் பக்கம் திரும்பினார்கள்.

அவர் போனது ரொம்ப அழகாக இருந்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மனைப் பத்திரங்கள் வைத்த ரெக்சின் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்பக்கமாக, தேங்காய்நார்க் கயிற்றுக்கு மேலே, கவுன்சிலர் பேனரைத் தாண்டி, ஒவ்வொரு வசவுக்கும் ஒரு கம்பம் என்று வீதி நீளத்துக்கும் பறந்து போனார். புல்லட் வாலாட்டி வழியனுப்பியது. வேகத்தடையைத் தாண்டியதும் எடை அவரைப் பிடித்துக் கீழே போட்டது. விழுந்த இடத்தில் மெயின்ரோட்டுக் கடைக்காரர்கள் பூஜைக்கு உடைத்த பூசணியெல்லாம் ஒன்பது நாளாக அள்ளாமல் அழுகிக் குவிந்திருந்ததால் அவருக்கு ஒரு காயமும் இல்லை. நாலு ஆட்களும் கயிற்றைப் பிடித்து மரியாதையாகத் தாங்களே வெளியேறினார்கள்.

கோபம் ஆறுவதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது: பூஜையன்று நின்ற சக்கரத்தைத் திரும்பச் சுற்றவிட வேண்டும். மயிலாத்தாள் ராட்டினத்திலிருந்து இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துப் பட்டறைக்குள் போய்ப் பெட்டியின் சுவிட்சில் கட்டைவிரலை வைத்தாள். வைத்தவள் அழுத்தவில்லை. முழங்கால் வலி மறுபடி அடங்கத் தொடங்கியிருந்தது. எண்ணெய் தேய்த்துப் பின்னிய பின்னல் கண் முன்னால் மிதந்தது. பின்னாலேயே வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ருக்குமணியிடம் அவள் கேட்டாள்.

“இதப் போட்டா நாளைல இருந்து நீ எங்கூடப் பேசமாட்ட, இல்ல?”

ருக்குமணி மூக்கை உறிஞ்சினாள். அது ஜலதோஷமா வேறா என்று தெரியவில்லை. “பேசமாட்டேன். திட்டுவேன். கோபம் ஆறிப்போகுது, சீக்கிரம் போட்டுத் தொல.”

எல்லாரும் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஜன்னல் வழியே ஒரு கத்து கத்திவிட்டு மயிலாத்தாள் சுவிட்சை அழுத்தினாள். சக்கரம் உர்ரென்று கிளம்பியது. பட்டறை வீதியில் ஒன்பது நாளாக மேலே இருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் கீழே வந்தது: நஞ்சப்பன், பொரி, பொட்டுக்கடலை, பிள்ளையார், பேனர், பொள்ளாச்சி ஒறம்பரை. கம்பத்தடியில் விழுந்த புல்லட் எழுந்து, உடம்பை உதறி, யாரைப் பார்த்து என்றில்லாமல் குரைக்க ஆரம்பித்து, மூன்று மணி நேரம் நிறுத்தவில்லை. அன்று சாயங்காலமே வீதி ஆண்கள் கூடிக் கத்தி, ஒருவரையொருவர் குற்றம் சொல்லி, வேலிக் கற்களையும் கேட்டையும் பிடுங்கினார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் இப்போது நாலு பேர் வேண்டியிருந்தது.

டாக்டரம்மா மறுநாள் மதியம் வந்தார். சக்கரம் நின்றுபோன ஒன்பது நாளும் பெட்டியிலேயே பதிவாகியிருந்தது. நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொள்ள, மயிலாத்தாள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தில் எழுதினார், எழுதியதை அடித்தார், அடித்ததை மறுபடி எழுதினார். இருபத்தோரு நாளை முதலிலிருந்து எண்ணினார்கள். அடுத்த வருஷம் பெட்டி மேலே போய்ச் சேர்ந்து, சுற்றாத வரிசை மந்தமாகவும் சுற்றின வரிசை சுறுசுறுப்பாகவும் இருப்பதாகத் தகவல் வந்தபோது, டாக்டரம்மா முதல் போனை மயிலாத்தாளுக்குத்தான் போட்டார். இதுக்கு அவ்வளவு தூரம் போகோணுங்களா, எங்க வீதிக்கு வந்து பார்த்திருந்தாப் போதுமே என்று மயிலாத்தாள் சொன்னாள்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. எடை திரும்பிய மறுநாள் காலை ஆறரை மணிக்கு, ஒன்பது நாள் வலியும் வட்டியோடு வந்து வீங்கிய முழங்காலை இழுத்துக்கொண்டு, குடத்தோடு தொட்டிக் குழாயடிக்கு வந்த மயிலாத்தாள் வரிசையில் கடைசியாக நின்றாள். முன்னால் பதினோரு குடம். முதல் குடம் பச்சை. ருக்குமணி திரும்பிப் பார்த்தாள், பார்த்தது முழங்காலை.

“வந்துட்டா பாரு மகாராணி, ஊரே எந்திரிச்சுத் தண்ணி புடிச்சுப் போன பொறவு” என்று ஆரம்பித்தாள். மயிலாத்தாளுக்கு ஒரு கணம் கண் கலங்கியது, கலங்கியதைக் காட்டாமல், அடுத்தவர் குடத்தை நகர்த்தி முன்னால் வைக்கிறவளெல்லாம் நேரத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று திருப்பினாள். வரிசையில் நின்ற பெண்கள் நிம்மதியாகப் பல் விளக்கத் தொடங்கினார்கள். சண்டை சூடு பிடித்தது, பழைய கார்த்திகை மாசம் வந்தது, இரண்டு வீட்டுப் பரம்பரையும் வந்தது, அதற்கு நடுவே ருக்குமணி வாயை ஓயவிடாமல், வரிசைக் கடைசிக்கு நடந்து வந்து, மயிலாத்தாளின் குடத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய், தன் பச்சைக் குடத்தை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் குழாய்க்கு நேராக வைத்தாள்.

மயிலாத்தாள் பார்த்தாள். திட்டுவதை நிறுத்தினால் இருவரும் அழுதுவிடுவோம் என்று தெரிந்ததால் அவளும் நிறுத்தவில்லை. குடம் நிறையும்வரை மூன்று வீதிக்கும் கேட்கிற மாதிரி திட்டிக்கொண்டார்கள். நிறைந்ததும் ருக்குமணி அதைத் தூக்கிக்கொண்டு வந்து, நாசமாப் போ என்று சொல்லி, அவள் இடுப்பில் வைத்துவிட்டாள்.